பலகை எழுத்தும் பனியன் எழுத்தும்

பனியன் மார்பில் அச்சிட நல்ல எழுத்து வேண்டும் என்றால் நம் ஊர்க்காரர்கள் தேடாத இடமில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தின் பழைய பலகை, லண்டன் மதுக்கடை வாசலில் தொங்கும் பலகை, பாரிஸ் நகரத்து ரொட்டிக்கடைக் கண்ணாடி ஆகியவை எல்லாம் வேலம்பாளையத்துப் பிரிண்டிங் பட்டறைகளில் நாள்தோறும் துணியில் ஏறுகின்றன. அந்தக் கடைகளை நம்மில் ஒருவரும் கண்டதில்லை; ஆயினும் அவ்வெழுத்துகளின் வளைவு நெளிவெல்லாம் நமக்கு மனப்பாடம். அதே பட்டறைக்கு எதிர்ச்சுவரில், ‘இவ்விடம் ஓவர்லாக் மிஷின் ரிப்பேர் செய்து தரப்படும்’ என்று ஒருவர் தம் கையால் எழுதி வைத்திருக்கும் எழுத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் இல்லை. அழகு கப்பலேறி வந்தால்தான் அழகா என்று கேட்கத் தோன்றுகிறது.

அயல்நாட்டுப் பலகைகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் 1393ஆம் ஆண்டில், மதுவிற்போர் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று ஆணையிட்டார். படிக்கத் தெரியாதவரும் கடையைக் கண்டுகொள்ளும்படி வெள்ளை மானும் சிங்கமும் கிரீடமும் பலகையேறின. நம் ஊரில் ஆட்டிறைச்சிக் கடைச் சுவரில் நிற்கும் ஆடும், பால் டிப்போவின் பசுவும், சலூன் கதவில் பக்கவாட்டில் பார்க்கும் கிராப்புத் தலையும் அதே தேவையில் பிறந்தவைதாம். 1951-52ஆம் ஆண்டுகளில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் எழுத்தறியாத வாக்காளருக்காகச் சின்னங்கள் வந்தபோது சுவர் எழுதுவோருக்குப் புதிய வேலை பிறந்தது. உதயசூரியனையும், 1973ஆம் ஆண்டு திண்டுக்கல் இடைத்தேர்தலில் வந்த இரட்டை இலையையும் நினைத்துப் பாருங்கள். எந்த ஊர்ப் பெயிண்டரும் இரண்டு நிறத்தில், ஏணியை விட்டு இறங்காமலே எழுதி முடித்துவிடக் கூடியவை அவை. சின்னம் அமைப்போருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? (நம் மதுக்கடைகளுக்கு மட்டும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால் ஊருக்கு ஊர் ஒரே மாதிரிப் பலகை. அங்கே செல்வோர் பலகையைப் பார்த்துக்கொண்டா செல்கிறார்கள் என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும்.)

வேலம்பாளையத்துக் கடைவீதியை அழகிய வீதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். தையல் ஊசி, கேன்வாஸ் பெல்ட், கோன் நூல், கட்டிங் வேஸ்ட், லேபிள், பாலிதீன் பை, நடுநடுவே டீக்கடையும் புரோட்டாக் கடையும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பளபளக்கும் பிளக்ஸ் பலகை. கையால் எழுதிய பலகைகள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். அவையும் பெரும்பாலும் சந்து திரும்பும் இடங்களில், மாற்றுவதற்குப் பணமில்லாத அல்லது மாற்ற வேண்டும் என்ற எண்ணமே தோன்றாத கடைகளில் இருக்கின்றன. பக்கத்து அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரம் வாங்கினால் சிற்றுளியால் தட்டித் தட்டிப் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டித் தரும் கலை ஒன்று உண்டு. அதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஆனால் அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

அந்தப் பலகைகளை எழுதியவர்களுள் ஒருவரை ஓராண்டாக எனக்குத் தெரியும். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பன்னிரண்டாம் வயதில் ஒரு பெயிண்டரிடம் டப்பாத் தூக்கும் பையனாகச் சேர்ந்தவர். பெயரை மலரில் போடட்டுமா என்று கேட்டேன். “பேரெல்லாம் வேண்டாங்க தம்பி. போர்டு மூலையில இருக்குதுல்ல, அது பத்தும்” என்றார். ஆம், ஒவ்வொரு பலகையின் வலது மூலையிலும் சிறிய சாய்ந்த எழுத்தில் அவர் பெயரும் ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்லும் உண்டு. பிளக்ஸ் பலகையில் கடைக்காரர் படம் இருக்கும், அவர் பிள்ளைகள் படம் இருக்கும், கைப்பேசி எண் இருக்கும். வடிவமைத்தவர் பெயர் இருக்காது.

அவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தபோது அது எத்தனை கணக்குகள் நிறைந்த தொழில் என்பது விளங்கிற்று. தகரத்தில் முதலில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் இரண்டு கை எனாமல். அது காய்ந்த பின் சாக்குப்பொடி தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுகிறார், கோடு விழுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு கோடு போதும். தமிழுக்கு நான்கு வேண்டும். புள்ளிக்கும் இகர ஈகார விசிறிக்கும் மேலே இடம் விட வேண்டும். ‘கு’, ‘சு’, ‘மூ’ போன்றவற்றின் சுழிக்குக் கீழே இடம் விட வேண்டும். பிறகு எழுத்துகளை எண்ணுகிறார், ஆனால் நாம் எண்ணுவதுபோல் அன்று. ‘ண’வும் ‘ஞ’வும் ஒன்றரை, ‘ர’வும் காலும் அரை, ‘ட’ முக்கால். கூட்டிப் பார்த்து நடு எழுத்து எங்கே விழும் என்று சாக்கட்டியால் ஒரு புள்ளி வைக்கிறார். நுனியில் துணிப்பந்து கட்டிய குச்சி ஒன்றைப் பலகையில் ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு தூரிகையை இழுக்கிறார். அளவுகோலை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

“எழுத்துப் பெருசா இருந்தாப் பத்தாதுங்க. பஸ்ஸுல போறவன் தலையத் திருப்பறதுக்குள்ள படிச்சு முடிக்கோணும். அதுக்கு எழுத்து முக்கியமில்லீங்க, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவால உடற எடந்தான் முக்கியம்” என்றார். அச்செழுத்து அமைப்பைப் பற்றிய எந்த நூலும் முதல் அத்தியாயத்தில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியதை நாம் அறிவோம். பெரியார் 1935 முதலே குடி அரசு ஏட்டில் கையாண்ட வடிவங்களை ஒட்டி, ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவம் மாற்றப்பட்டது. பழைய ‘லை’யில், இன்று நாம் முன்னால் எழுதும் இரட்டைச் சுழி இராது, எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கை போல ஒரு சுழி எழும்பி நிற்கும். (இம்மலர் அச்சாகும் கணினி எழுத்தில் அவ்வடிவம் இல்லாமையால் சொல்லித்தான் காட்ட முடிகிறது.) தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் எளிமை தந்த அச்சீர்திருத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பெரியவர் இன்றும் பலகையில் துதிக்கையைத்தான் போடுகிறார். பழமைப் பற்றோ பிடிவாதமோ என்று எண்ணிக் காரணம் கேட்டேன். “புது லை ரெண்டு எழுத்து எடத்தைத் தின்னுபோடுமுங்க. பழசு ஒரே எழுத்துக்குள்ள முடிஞ்சுபோகும். மேல சும்மா கெடக்கற எடத்துல தும்பிக்கையத் தூக்கி உட்டுக்கலாம்.” குறுகிய பலகையில் ‘விற்பனை நிலையம்’ என்று எழுதவேண்டியவருக்கு இரண்டு எழுத்து இடம் மிச்சம்! நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பதினைந்து வேலம்பாளையம்’ என்று முழுதாக எழுதினால் அதில் இரண்டு யானைகள். கொங்கு நாட்டில் பாளையம் என்று முடியும் ஊர்களுக்குப் பஞ்சமா? அத்தனை ஊர்ப் பலகைகளிலும் ஒருகாலத்தில் ஒவ்வொரு துதிக்கை நிமிர்ந்து நின்றது. இதைக் காட்டிலும் கொங்கு மண்ணுக்குரிய ஓர் உருவம் பனியனுக்கு வேண்டுமா?

இங்கேதான் நான் சொல்ல வந்த கருத்து தொடங்குகிறது. பலகை எழுத்தைப் பனியனுக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்வது வெறும் ஊர்ப்பாசத்தால் அன்று. இரண்டும் ஒரே குடும்பத்துத் தொழில்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம். வலைத்துணியில் மருந்து பூசி, பிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால் எழுத்து உள்ள இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியே சாயத்தை ரப்பர்க் கட்டையால் இழுக்க வேண்டும். நான்கு நிறம் என்றால் நான்கு சட்டம், நான்கு முறை இழுப்பு, நான்கு கூலி. எனவே குறைந்த நிறத்தில் நிறைந்த அழகு காட்டும் வடிவமே இங்கே சிறந்த வடிவம். பெயிண்டர் மஞ்சள் தரையில் சிவப்பு எழுத்தெழுதி, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு நிழல் தட்டினால் எழுத்து பலகையை விட்டு முன்னால் வந்து நிற்கிறது. மூன்றே டப்பா. அவருக்கு எனாமல் விலை கட்டுப்படி ஆக வேண்டும். நமக்குச் சட்டத்தின் கூலி கட்டுப்படி ஆக வேண்டும். மேலும், பின்னல் துணி இழுபடும் துணி. மெல்லிய கோடுகள் ரிப் துணியில் அறுந்து தெரியும். தூரத்துப் பஸ்ஸுக்காகத் தடித்து எழுந்த பலகை எழுத்துக்கு இந்த இடர் இல்லை. வெளிநாட்டுப் படத்தைக் கணினியில் பார்த்து நகல் எடுக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் நமக்குப் பிடிபடுவதில்லை; ஏணியடியில் நின்றால் ஒரு மணி நேரத்தில் பிடிபடும்.

சரி, இதை இதற்குமுன் யாரும் எண்ணவில்லையா என்றால், எண்ணியிருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. மாலைநேரங்களில் நான் வேலை செய்யும் பட்டறைக்குச் சென்ற ஆண்டு ஒரு வேலை வந்தது. பையரின் ஆட்கள் நம் தெருக்களில் சுற்றிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்த படத்தில் இருந்தது நம் பெரியவர் ஒரு சைக்கிள் கடைக்கு எழுதிய பலகை. எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, வெயிலில் வெடித்த பெயிண்டின் பொருக்கையும் துருவின் கறையையும் அப்படியே வைத்து, பழமைத் தோற்றம் என்று பெயரிட்டிருந்தார்கள். மூலையில் இருந்த பெயர் மட்டும் இல்லை. அதைக் கவனமாக அழித்திருந்தார்கள்.

எனக்கு இதில் இரண்டு வருத்தங்கள். பெயரை அழித்தது ஒன்று, அது வெளிப்படை. மற்றொன்று அந்தப் பொருக்கு. வெடித்த பெயிண்ட் அவர் எழுதியதன்று. பதினைந்து கோடைகள் எழுதியது. அவரைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரத்தில் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியிருப்பார். ஒரு கலைஞரின் எழுத்தைக் காட்டிலும் அதன் அழிவை நாம் விரும்பி வாங்குகிறோம் என்றால், நமக்குப் பிடித்தது அவர் கலையா, அது போய்க்கொண்டிருக்கிறது என்கிற செய்தியா?

அச்சிட்ட மாதிரித் துண்டு ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “என்ற எழுத்துத்தானுங்க” என்றார். பிறகு, “ஏனுங்க தம்பி, ‘க்’குக்கும் ‘கி’க்கும் நடுவால உட்ட எடத்த எதுக்கு நெருக்கிப்போட்டாங்க? மூச்சு முட்டுதாட்ட இருக்குது” என்று கேட்டார். கூலியைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். “கேட்டாக் குடுப்பாங்களா?” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எழுதச் சொன்ன ஓவியத்தின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாதபோது, எழுதச் சொன்னவரையே சேர்கிறது. அதாவது சைக்கிள் கடைக்காரரை! ஆனால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, இதை ஆக்கியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஆக்கியவரிடமே விட்டுவைத்திருக்கிறது. கடைப்பலகை எழுத்தை ஓவியம் என்று வழக்குமன்றம் ஏற்குமா என்பது பெரிய வக்கீல்கள் பேசவேண்டிய செய்தி. மூலையில் உள்ள பெயரை அழிக்காமல் விடுவதற்கு வக்கீல் தேவையில்லை.

செய்ய மனமிருந்தால் முடியும் என்பதற்குத் தில்லியில் சான்று உண்டு. 2024ஆம் ஆண்டில் மறைந்த ஓவியர் ஹனீஃப் குரேஷி, வடநாட்டுத் தெருப் பெயிண்டர்களைத் தேடிச் சென்று அவர்கள் கையாலேயே எழுத்து வரிசை முழுவதையும் எழுதி வாங்கி, கணினி எழுத்துருக்களாக்கினார். ‘பெயிண்டர் கஃபீல்’, ‘பெயிண்டர் உமேஷ்’ என எழுதியவரின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார். விற்கும் தொகையில் எழுதியவருக்கும் பங்கு வைத்தார். தமிழுக்கு இது கடினமான வேலைதான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து இருபத்தாறோடு முடிகிறது. நமக்கு உகர ஊகார வரிசையில் மட்டும் 36 எழுத்துகள். அவற்றில் பல தனித்தனி வடிவம் உடையவை. கடினம் என்பதற்காக விட்டுவிட்டால், 2024-25ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரில், பின்னியது நாம், சாயமிட்டது நாம், தைத்தது நாம், எழுத்து மட்டும் பிறருடையது என்ற நிலையே நீடிக்கும்.

என் அறை நண்பர் இதற்கெல்லாம் ஒரே வாயாக மறுப்புச் சொல்கிறார். பிளக்ஸ் ஒரு மணி நேரத்தில் வருகிறது. பெயிண்டர் மூன்று நாள் கேட்கிறார். கடைக்காரன் வயிற்றுப்பாட்டைப் பார்ப்பானா, கலையைப் பார்ப்பானா என்பது அவர் வாதம். நியாயமான வாதம். கடைக்காரர் எல்லாரும் மீண்டும் தூரிகைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெக்சிகோ நகரின் ஒரு பகுதி நிருவாகம் 2022ஆம் ஆண்டில் தெருவோரக் கடைகளின் கையெழுத்து அலங்காரங்களை அழிக்கச் சொல்லி ஆணையிட்டது. மக்கள் திரண்டு கண்டித்தார்கள். இங்கே ஆணையிட்டவர் எவருமில்லை, கண்டிக்க எவரைத் தேடுவது? போனஸ் ஐரிஸ் என்ற அர்ஜென்டினத் தலைநகரில் பேருந்துகளையும் கடைகளையும் அலங்கரித்த ‘ஃபிலெத்தே’ என்னும் தூரிகைக் கலை 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏற்றினால் பெயிண்டருக்குச் சோறு வருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அடுத்த வேலைதான் சோறு போடும்.

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. தமிழ் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவ்விதி சொல்கிறது. எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்ல முடியாது. விதிக்காகப் பலகை மாற்றுகிறவர்களும் கணினியில் கிடைக்கும் முதல் எழுத்துருவையே இழுத்து நீட்டி ஒட்டிவிடுகிறார்கள். அகலத்தில் இழுத்த ‘ழ’வைப் பார்க்கையில் கண் வலிக்கிறது. இதற்கிடையே நம் பெரியவர் ஒடியாவும் இந்தியும் எழுதப் பழகிவிட்டார். வடநாட்டுத் தொழிலாளர் நிறைந்த தெருக்களில் மளிகைக் கடைக்கும் கைப்பேசி ரீசார்ஜ் கடைக்கும் அவைதாம் வேண்டியிருக்கின்றன. அவருக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வடிவம் பார்த்து எழுதுகிறார். “நம்ம எழுத்து கோட்டு மேல உக்காருமுங்க. இந்தி கோட்டப் புடிச்சுத் தொங்குது. அதனால முதல்ல கோட்டத்தான் இழுத்துப்போடோணும்” என்று எனக்கு விளக்கினார்.

நம் கல்லூரியில் வடிவமைப்புத் துறை இல்லை. அது நிஃப்ட்-டீ கல்லூரிக்காரர்கள் வேலை என்று ஒதுங்கிவிடலாம்; 1997ஆம் ஆண்டு முதல் திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்பைக் கற்பிப்பவர்கள் அவர்கள். ஆனால் பிரிண்டிங் பட்டறைகளில் மாலைவேலை செய்யும் மாணவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வருகைப் பதிவேட்டின் கடைசி மணி நேரத்தைப் பார்க்கும் பேராசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே இது நமக்கும் உரிய வேலை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இவ்வாண்டு மரம் நடுவதோடு இதையும் சேர்க்கலாம்: வேலம்பாளையம், அனுப்பர்பாளையம் வட்டாரத்தில் எஞ்சியுள்ள கைப்பலகை ஒவ்வொன்றையும் நேருக்கு நேர் நின்று படமெடுத்து, தெரு, கடை, எழுதிய ஆண்டு, எழுதியவர் பெயர் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் ஏற்றுவது. மூலையில் பெயர் தேய்ந்திருந்தால் கடைக்காரரைக் கேட்டால் தெரியும், அவர்கள் மறப்பதில்லை. பேரேட்டின் ஒரு படி நூலகத்தில் இருக்கட்டும். எழுத்தைப் பயன்படுத்த விரும்பும் பட்டறைக்காரர் யாரைப் பார்த்து எவ்வளவு பேச வேண்டும் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவரிடம் இதைச் சொல்லி, விருப்பமுள்ள மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் எழுதக் கற்றுத்தர இயலுமா என்று கேட்டிருக்கிறேன். இசைந்திருக்கிறார். நாலு பேருக்குமேல் கூடாதாம். தூரிகை அவரவர் வாங்கி வர வேண்டுமாம். முதல் மாதம் முழுவதும் கோடு மட்டுந்தானாம். மார்கழிப் பனியில் எனாமல் காயாது என்பதால் தை பிறந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு இடங்கள் நிரம்பிவிட்டன.